ஜன்னலோர மேசை

“பள்ளிக்கூடம் போய்த்தான் பிள்ளை கெட்டுப்போறா. இனிமே வீட்டுலயே படிக்கட்டும்,” என்றார் தச்சர். ஏழு வயது மகளுக்காக ஜன்னலோரம் மேசைகூடச் செய்து போட்டாயிற்று. கறுத்துப்போன கட்டைவிரல் நகத்தால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“ஒரே ஒரு கெட்ட வார்த்தைக்காகவா?” என்றாள் மனைவி. “யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு டீச்சர் கேட்டதுக்கு வாயே திறக்கலையாம்.”

“கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பாளா? சேர்க்கை அப்படி. நம்ம வீட்டுல அந்த மாதிரி பேச்சு உண்டா?”

“இல்லதான். எதுக்கும் ஜெபம் பண்ணிட்டு முடிவு பண்ணுவோம்.”

மூவரும் மேசையைச் சுற்றி முழங்கால் போட்டார்கள். தச்சர் நீளமாக ஜெபித்தார், மனைவி சுருக்கமாக. கடைசியில் மகளின் முறை வந்தது.

“ஆண்டவரே, பட்டறையில சுத்தியல் விரல்ல பட்டப்போ அப்பா சொன்ன வார்த்தைய நான் பள்ளிக்கூடத்துல சொல்லிட்டேன். என்னை மன்னியும். அப்பாகிட்ட கத்துக்கிட்டேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க. ஆமென்.”

மனைவி மட்டும் ஆமென் சொன்னாள். தச்சர் எழுந்திருக்க வெகுநேரமானது.

“காலையில பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிடு,” என்றார்.

“அப்போ இந்த மேசை?”

“இருக்கட்டும். வீட்டுல படிக்க வேண்டியவன் நான்தான்.”