ஒரு தொட்டி ஈர மணல்

2007-ல், ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒற்றை அறை ஃபிளாட்டில் நாகவள்ளிக்குப் பகலெல்லாம் துணையாக இருந்தது மரகதம் என்ற பெண் பச்சோந்திதான். இலைகளில் நீர் தெளித்து, வெட்டுக்கிளி ஊட்டி, இரண்டு வருடமாக வளர்த்தாள்.

மரகதத்தின் வயிறு உப்பியது. ஆண் இல்லாமலும் முட்டையிடும், தோண்டிப் புதைக்க ஈர மணல் இல்லையென்றால் முட்டை வெளிவராமல் செத்துவிடும் என்றார் கால்நடை மருத்துவர். நாகவள்ளி ஒரு தொட்டி மணல் கொண்டுவந்து வைத்தாள். கணவன் அருள்முருகன் அதைக் குப்பையில் கொட்டினான்.

"நாள் பூரா சைட்ல மண்ணத் தின்னுட்டு வர்றேன். வீட்லயும் மண்ணா?"

"முட்ட போடணுங்க. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க."

"பல்லிக்குப் பிரசவம் பாக்கவா உன்னக் கூட்டியாந்தேன்?"

அவள் மறுபடி கொண்டுவந்ததையும் கொட்டினான். மூன்று நாள் கூண்டின் அடியைப் பிறாண்டிவிட்டு மரகதம் செத்தது. நாகவள்ளி அழவில்லை.

அடுத்த மாதம் அருள்முருகனுக்கு வயிறு உப்பியது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. டியூட்டிக்குப் போகாமல் அறையின் மூலை மூலையாகச் சென்று டைல்ஸைப் பிறாண்டினான். நகங்கள் பெயர்ந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"வள்ளி, கொஞ்சம் மண்ணு கொண்டாயேன். ஈர மண்ணு."

அவள் காலை மெல்ல விடுவித்துக்கொண்டு, ஒரு துகளும் தங்காதபடி தரையைத் துடைக்கத் தொடங்கினாள். அவனுடைய ஒரு கண் அவள் கையோடு நகர்ந்தது. இன்னொரு கண் தனியாகச் சுழன்று, கூரையில் உட்கார்ந்திருந்த ஈயிடம் போய் நின்றது.