வெள்ளைப் பொடி

சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்த இடுக்கே போதுமாக இருந்தது இளையவளுக்கு.

உள்ளே அவளுடைய ஓரகத்தி, அந்த வீட்டின் மூத்த மருமகள், மேடையருகே நின்றுகொண்டிருந்தாள். எதிரே இளையவளின் சத்து மாத்திரை டப்பாக்கள் மூன்றும் திறந்து கிடந்தன. ஒரு கேப்ஸ்யூலை எடுத்தாள். திருகி இரண்டாகப் பிரித்தாள். உள்ளே இருந்ததைத் தொட்டியில் தட்டிவிட்டு, கிண்ணத்திலிருந்த ஏதோ வெள்ளைப் பொடியை ஸ்பூன் காம்பால் அள்ளி அடைத்தாள். மூடி, திரும்ப டப்பாவிலேயே போட்டாள்.

நிதானமாகச் செய்தாள். பழகின கை.

இளையவள் மூன்று மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். காலையில்தான் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒன்று விழுங்கியிருந்தாள்.

கணவனுக்குப் போன் செய்தாள்.

"உங்க அண்ணி எனக்கு விஷம் வைக்கிறாங்க."

"யாரு, அண்ணியா? கரப்பான்பூச்சி அடிக்கவே என்னைத்தானே கூப்பிடுவாங்க!"

"விளையாடாதீங்க! கண்ணால பார்த்தேன். கல்யாணமாகி எட்டு வருஷமா அவங்களுக்குக் குழந்தை இல்ல. எனக்கு ஆறே மாசத்துல தங்கிடுச்சு. வயிறு எரியாதா?"

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

அரை மணியில் வந்துவிட்டான். டப்பாக்களைப் பையில் அள்ளினான். "அண்ணி, ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்களும் வாங்க" என்றான், முகத்தைப் பார்க்காமல். மூத்தவள் ஏன் என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் கேட்காததுதான் இளையவளை இன்னும் பயமுறுத்தியது.

வழி நெடுக வயிற்றின் மேல் கையை வைத்தபடியே வந்தாள். வலிக்கிறதா? இல்லை. வலிக்காமலே உள்ளே ஏதாவது ஆகிவிட்டதா? எத்தனை நாளாக விழுங்கினோம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். "துடிப்பு நல்லா இருக்கும்மா."

"அந்தப் பொடி என்னன்னு கேளுங்க டாக்டர்!"

"குளுக்கோஸ்" என்றாள் மூத்தவள். டப்பாவிலிருந்து ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து, பொடியை நாக்கில் கொட்டிக்கொண்டாள். "வேணும்னா நீங்களும் பாருங்க. இனிக்கும்."

"நல்லாவே நடிக்கிறீங்க" என்றாள் இளையவள்.

டாக்டரம்மா இருவரையும் கவனிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டப்பாக்களின் லேபிளைக் கண்ணருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதைப் படித்து முடித்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இதெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது?"

"நானே ஆன்லைன்ல வாங்கினேன் டாக்டர். ஒண்ணு முடிக்கு, ஒண்ணு தோலுக்கு, ஒண்ணு பாப்பா கொழுகொழுன்னு பிறக்கறதுக்கு. சத்து மாத்திரைதானே, மருந்தா என்ன?"

"மூணுலயும் வைட்டமின் ஏ இருக்கும்மா. கூட்டினா, கர்ப்பிணிக்கு இதுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு அளவு இருக்கே, அதைப்போல மூணு பங்கு. குழந்தை உருவாகிற மாசத்துல தினம் இவ்வளவு உள்ளே போனா முகம், இதயம், மூளை எதுல வேணும்னாலும் குறை வரலாம்."

இளையவளின் கை வயிற்றிலிருந்து நழுவியது.

டாக்டரம்மா மூத்தவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ல பிழை திருத்துறேன் டாக்டர். எறும்பு எறும்பா ஓரத்துல எழுதியிருக்குமே, அதை யாரும் படிக்கிறதில்ல. எனக்கு அதைப் படிக்கிறதுதான் வேலை. பார்சல் வந்த அன்னிக்கே டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், மூணுலயும் அதே வைட்டமின். அன்னியிலேருந்து தினமும் மறுநாளைக்கு உள்ளதை மாத்தி மேலேயே போட்டு வைக்கிறேன். நீங்க எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் நான் தொடவே இல்ல."

"இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

மூத்தவள் லேசாகச் சிரித்தாள்.

"குழந்தை இல்லாதவ வந்து 'இதைச் சாப்பிடாதே'ன்னு சொன்னா யாரு டாக்டர் கேப்பா? என் கண்ணுல படாம இன்னும் ரெண்டு சேர்த்து முழுங்கியிருப்பா."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இளையவள் எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டே போய், மூத்தவளின் இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அக்கா... ஒருநாள்கூட மறக்கலையே? ஒண்ணு விடாம எல்லாத்துலயும் அந்தப் பொடியைத்தானே அடைச்சீங்க?"