மறுபடி வந்த பெண்மான்

2008 நவம்பர் 22, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். ஏரிக்கரைப் பூங்காவில் மான்கள் பெருகிவிட்டதால், ஒரு பெண்மானைச் சுட்டுப் பதிவு செய்தவர்தான் கொம்புள்ள ஆண்மானைச் சுடலாம் என்பது விதி.

வெர்லின் ஸ்கார் ஒரு பெரிய ஆண்மான் மீது கண்வைத்திருந்தார். அதற்காகக் காலையிலேயே ஒரு பெண்மானைச் சுட்டு, வண்டியில் போட்டுப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுவந்தார். அதிகாரி டார்லீன் குபியாக் பதிவு எண் தகடு மாட்டுவதற்காக மானின் காதைப் பிடித்தார். அதில் ஏற்கெனவே ஒரு தகடு இருந்தது.

"வெர்லின், இது போன வருஷமே நீ சுட்ட மான்யா. இந்தத் தகட்டை நான்தான் மாட்டினேன்."

"விளையாடாத டார்லீன். அதைத்தான் மொத்தமா தின்னு தீர்த்தாச்சே!"

"தெரியும். எனக்கும் அந்தக் கறியில சாசேஜ் செஞ்சு கொண்டாந்து குடுத்த. மிளகு தூக்கலா இருந்துச்சு."

"தலையை நோய்ப் பரிசோதனைக்குன்னு நீங்கதானே வெட்டி எடுத்தீங்க?"

இருவரும் மானின் கழுத்தைப் பார்த்தார்கள். மயிருக்கடியில் மெல்லிய தழும்பு ஒன்று சுற்றிலும் ஓடியது.

"சரி, எனக்கு ஆண்மான் உண்டா, இல்லையா?"

"ஒரு மானை ஒரு தடவைதான் கணக்குல எடுக்க முடியும், வெர்லின்."

"செத்தது செத்ததுதானேம்மா!"

"அதை இந்த மான்கிட்ட சொல்லு."

வெர்லினுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்தப் பெரிய ஆண்மானை, தன் பெண்மானை ஏற்கெனவே பதிவு செய்திருந்த அவருடைய மைத்துனர் மறுநாள் சுட்டார். வெர்லின் சுட்ட மானால் பூங்காவின் பெண்மான் எண்ணிக்கையில் மாற்றம் எதுவும் பதிவாகவில்லை.