ரெண்டு கை யூரியா

தீர்த்தகிரிக்கு என்மேல் பொறாமை. அப்படித்தான் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"அவருக்கா? உங்க மேலயா?" என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு காம்பவுண்டு சுவர்தான். பென்னாகரம் ரோட்டில் புது மனைப்பிரிவு. போன ஆடியில் இரண்டு பேரும் ஒரே நர்சரியில் சொல்லி, ஒரே வண்டியில் புல் இறக்கினோம். சதுரம் சதுரமாக வெட்டி, அடிமண்ணோடு வந்த கொரியன் புல். பாதி அவர் வீட்டு முன்னால், பாதி என் வீட்டு முன்னால்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

நான் மாதம் தவறாமல் யூரியா போட்டேன். ஐப்பசி மழையில் பூஞ்சாணத்துக்கு மருந்தடித்தேன். மார்கழியில் யாரோ சொன்னார்கள் என்று கடல்பாசி உரம் வாங்கி ஊற்றினேன். அவர் என்ன செய்தார்? புரட்டாசியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, மக்கின சாணி எருவைச் சலித்துத் தூவினார். விடிந்ததும் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமையானால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கோரை பிடுங்குவார். அவ்வளவுதான்.

அவர் புல் ஜம்மென்று இருந்தது. என்னுடையது காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை மாதிரி. பால்காரரிலிருந்து கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் வரைக்கும் அவர் கேட்டில்தான் நின்று பார்க்கிறார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் பூவிழிக்குப் பொம்மிடியிலிருந்து ஒரு வரன் வந்தது. வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக வந்த மாப்பிள்ளையின் மாமா, கேட் மாறி நின்று, தீர்த்தகிரி வீட்டுப் புல்லைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த நாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"உங்க வூட்டுப் புல்லு அருமையா இருக்குதுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அங்கயே உக்காந்து பேசிக்கலாங்க."

அது பக்கத்து வீடு என்று சொல்லவேண்டியதுதானே? வாய் வரவில்லை. "வாங்க, வாங்க. நேர்ல இன்னும் நல்லா இருக்கும்" என்றுவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானமே, பங்குனி வெயிலில், வழக்கத்துக்கு மேல் ரெண்டு கை யூரியாவை அள்ளி வீசினேன். தீர்த்தகிரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"வெயில்ல போடாதீங்க முனிராஜ் சார். போட்டா உடனே தண்ணி வுடணும். இல்லைன்னா புல்லு கருகிடுமுங்க."

தொட்டியில் தண்ணீர் குளிக்கவே பத்தாது. இருந்திருந்தாலும் அவர் சொல்லி நான் விட்டிருக்க மாட்டேன். என் புல் தழைத்துவிட்டால் தன் மவுசு போய்விடும் என்ற பொறாமையில்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்காரியிடம் நான் சொன்னதும் அதைத்தான்.

நாலாம் நாள், யூரியா விழுந்த இடமெல்லாம் கருகிப்போய்க் கிடந்தது. பூவிழி வந்து பார்த்தாள்.

"போட்டோவுல இருந்த புல்லு எங்கன்னு கேட்டா நான் என்னப்பா சொல்லட்டும்? ஆரம்பமே பொய்யின்னு நினைக்க மாட்டாங்களா?"

இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே மூன்று பேரும் பென்னாகரம் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். வீட்டுக்காரி மகளுக்கு நல்லபடியாக முடியவேண்டும் என்று கும்பிட்டிருப்பாள். நான் கும்பிட்டதைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். என் புல் போனால் போகட்டும், அவர் புல்லும் போகவேண்டும் என்று கும்பிட்டேன். பக்கத்தில் பச்சையாக இருப்பதால்தானே என்னுடையது கேவலமாகத் தெரிகிறது?

சாயங்காலம் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினால், சாமி கேட்டுவிட்டது. தீர்த்தகிரி வீட்டுப் புல்லில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செம்மண் தெரிந்தது. சதுரம் சதுரமாக மொட்டை. நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குப் பச்சையே இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா? கரையான் அரிச்சிருச்சாட்டம் இருக்குது. ஊருக்கே புத்தி சொன்னாரில்ல?" என்று வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. எங்கள் கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பூவிழி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். கருகின இடம் ஒன்றுகூட இல்லை. அந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாகப் பச்சைப் புல் ஈரத்தோடு பதிந்திருந்தது. முழங்கை வரைக்கும் மண் அப்பிய தீர்த்தகிரி, பூவாளியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"கேக்காம உள்ள வந்துட்டனுங்க" என்றார். "பாப்பா நேத்து எங்க வூட்ல சொல்லி அழுதுச்சு. வேர் புடிக்கப் பதினஞ்சு நாளாவும், நாளைக்கு மட்டும் பாத்து உக்காரச் சொல்லுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கு வந்தார்.

"போட்டோவுல அவங்க பாத்த அதே புல்லுதானுங்க. இனிமே நீங்க சொன்னது பொய் இல்லைங்க."