கணுக்கால் அளவு கடல்

மே மாத வெயில் தணிந்த ஒரு மாலையில் துரைக்கண்ணு இரண்டு பஸ் மாறிக் கடற்கரைக்கு வந்தார். செருப்பை மணலில் கழற்றி வைத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அலையோரம் போய் நின்றார். அலை வந்ததும் திரும்பி ஓடினார்.

பக்கத்து வளையிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்து, வலது செருப்பிடம் கேட்டது. "அண்ணே, உங்க ஆளு அலைக்காகத்தானே வந்தாரு? அது வந்தா ஏன் ஓடுறாரு?"

"வருஷா வருஷம் இப்படித்தான். பேன்ட் நனைஞ்சா பஸ்ல எப்படி உட்கார்றதுன்னு கவலை."

"கடலுக்குள்ள எப்படித்தான் இருக்கும்?" என்றது இடது செருப்பு.

அது கேட்டு முடிப்பதற்குள் பெரிய அலை ஒன்று மேலேறி வந்து, அதை மட்டும் இழுத்துக்கொண்டு போனது.

துரைக்கண்ணு பதறிப்போய்த் தண்ணீருக்குள் பாய்ந்தார். இடுப்பளவு ஆழத்தில்தான் செருப்பு கைக்குக் கிடைத்தது.

ஆனால் அவர் கரைக்குத் திரும்பவில்லை. செருப்பைப் பிடித்தபடியே அடுத்த அலைக்கு முதுகைக் கொடுத்து நின்றார். அதற்கடுத்த அலைக்கும் நின்றார்.

வலது செருப்பு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நண்டிடம் மெதுவாகக் கேட்டது.

"தம்பி, என்னையும் கொஞ்சம் தண்ணிப் பக்கம் தள்ளிவிடுறியா?"