கடைசி ஓட்டை

ஜெர்மானிய நீர்மூழ்கியோடு மோதிவிட்டு வேல்ஸ் கரைக்குத் திரும்பும் கடல்விமானத்தின் அடிப்பக்கச் சுவரெல்லாம் குண்டு துளைத்த ஓட்டைகள். வெயில் குச்சி குச்சியாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில்தான் இறங்கியாக வேண்டும். ஓட்டையோடு இறங்கினால் நேரே கடலடிதான். மெக்கானிக் கிளாரி கையேந்துகிறான். "ருசி பார்த்தது போதும், துப்புங்கடா!" ஆஸ்திரேலியப் பட்டாளம் தாடை நோக மென்று கொடுக்கும் சூயிங்கம் உருண்டைகளை அவன் ஓட்டைகளில் அப்ப அப்ப, வெயில் ஒவ்வொன்றாக அணைகிறது. ஒரே ஓட்டை பாக்கி, சூயிங்கம் தீர்ந்துவிட்டது. மேலே ஓடி விமானியறையில் தலையை நீட்டுகிறான். விமானத்தில் மெல்லாதே என்று தினமும் திட்டும் கேப்டன் மெர்வின், திரும்பாமலே தன் வாயிலிருந்து ஒன்றை எடுத்துப் பின்னால் நீட்டுகிறார். "கேப்டன், நீங்களுமா?" "போய் ஓட்டையப் பாருடா." இறங்கும் விமானத்தின் அடிவயிற்றில் கடல் தடதடக்கிறது. கடைசி ஓட்டையை அமுக்கியிருக்கும் கிளாரியின் கட்டைவிரல் காய்ந்தே இருக்கிறது.