ஒரு துண்டு மிச்சம்

கழுத்து கிடைத்துவிட்டது. தோளைத்தான் காணோம். கதவை உள்ளே தாழிட்டுவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, இரும்பு அலமாரிக்கு அடியில் நீள ஸ்கேலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் அவள்.

அருங்காட்சியகத்தில் உடைந்த பானைகளை ஒட்டுவது அவள் வேலை. இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்த ஓடு, அவள் கையில் ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்கவில்லை. எந்த ஓட்டையும் மணல் தட்டுக்கு மேலே பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம். வெளிச்சம் நன்றாக விழட்டுமே என்று இவள் ஜன்னலோரம் கொண்டுபோனாள். கை வழுக்கிவிட்டது.

அதுவும் சாதாரண ஓடா? ‘இந்தக் குடத்துக்கு உரியவர்’ என்று பழைய எழுத்தில் ஒரே ஒரு வரி. அதற்கப்புறம் ஓரம் உடைந்து, யார் என்பது மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. அரசன்தான் என்றார்கள் படித்தவர்கள் எல்லோரும். அதைத் தோண்டியெடுத்த பேராசிரியர் மட்டும், இல்லை, ஒரு பாடகி என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆதாரம் எங்கே என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேலி செய்தார்கள். மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை.

பேராசிரியர் தங்கமானவர். இந்த அறைக்குள் வந்தால் குனிந்த தலை நிமிராமல்தான் நடப்பார். இத்தனை படித்தும் என்ன பணிவு என்று வாசல் காவலாளிகூட மெச்சுவார். கண்காட்சிக்காக ஓட்டை எடுத்துப்போக இன்று அவர்தான் வருகிறார். இவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாவதும் அவர் கையில்தான் இருந்தது. கணவனுக்கு வேலை போனதிலிருந்து வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

கணவனுக்குப் போன் போட்டு அழுதாள். அவன் பதறவே இல்லை.

“ஒட்டுறதுதானே உன் வேலை? ஒட்டிடு. யாருக்குத் தெரியப் போகுது?”

ஸ்கேல் ஒருவழியாக அலமாரிக்கடியில் இருந்ததையெல்லாம் ஒட்டடையோடு வாரிக்கொண்டு வந்தது. தூசியைத் தூரிகையால் துடைத்து, பசை தடவி, ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கழுத்து, தோள், எழுத்து, எல்லாம் அப்படியே இருந்தன. கடவுளே என்று மூச்சுவிட்டாள்.

அப்புறம்தான் மேஜையைப் பார்த்தாள். ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

பகீரென்றது. வேறு பானை எதையாவது உடைத்துத் தொலைத்துவிட்டோமா? அலமாரித் தட்டுகளையெல்லாம் சரிபார்த்தாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. வேறு வழி தெரியாமல் அந்தத் துண்டை ஓட்டின் பழைய உடைசலில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

துண்டில் எழுத்து இருந்தது. கூட்டிக் கூட்டிப் படித்தாள். ‘பாடகி.’

ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஊரே சிரித்த மனுஷன் சொன்னது சரிதான் என்பதற்கு ஆதாரம் இவள் உள்ளங்கையில் இருக்கிறது. இதைக் கொடுத்தால் எந்தத் தப்பைத்தான் அவர் மன்னிக்கமாட்டார்? எதையும் மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

பேராசிரியர் வந்தார். ஓடு கைதவறி விழுந்ததையும், ஒட்டி வைத்திருப்பதையும் ஒரே மூச்சில் சொல்லித் தேம்பினாள். அவர் கோபப்படவில்லை. ஓட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒட்டு நன்றாக வந்திருக்கிறது, அழாதே என்று தேற்றினார்.

“இன்னொண்ணும் இருக்கு சார். நீங்க சொன்னதுதான் சரி. பாடகிதான்.”

மிச்சத் துண்டை அவர் கையில் வைத்தாள். துள்ளிக் குதிப்பார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் முகம் வெளுத்துப் போனது. வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

“எங்கேம்மா கிடந்துச்சு?” என்றார், குரல் எழும்பாமல். “இந்த அறையில நான் தேடாத இடமே இல்லையே.”